சாமியைத் திட்டினால் உங்களுக்கு என்னங்க?

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போனால் தேவலை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பூஜை அறையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். விளக்கு எரிகிறதா, படத்துக்குப் பூ வைத்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை. மச்சான் இறந்துபோனதற்குக்கூட அவ்வளவு பதறாதவர்கள், விளக்கில் திரி காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அக்கா விளக்கேற்றுவதில்லை. காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியும் ஏற்றவில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தவள் அவள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு சஷ்டியை விட்டதில்லை. இந்தத் தடவை விரதத்தின் நடுவிலேயே மச்சானை ஐசியூவில் சேர்த்தார்கள். சூரசம்ஹாரத்தன்று அவர் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்கும் மருதமலைக்காரனுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் பூஜை அறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல், "உனக்கென்னப்பா, ரெண்டு பொண்டாட்டியோட மலைமேல நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில்.

இதைத்தான் உறவுக்காரர்களால் தாங்க முடியவில்லை. "அம்மிணி, சாமியத் திட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார் ஒரு மாமா. இதற்குமேல் குடும்பத்துக்கு என்ன ஆகாமல் போக வேண்டும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் அவன் செயல்னு இருந்துக்கோணும்" என்கிறார் சித்தி. அவன் செயல் என்பதால்தானே அக்கா அவனைக் கேட்கிறாள்? டாக்டரின் செயல் என்று நினைத்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருப்பாள். அடுக்ககத்துச் சத்சங்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், உணர்ச்சி எல்லாம் கீழ்நிலை, சாட்சியாக நின்று கவனிக்கப் பழக வேண்டும் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் சாட்சியாக நிற்க வேண்டுமாம். அந்த அம்மா எங்கள் வாசலில் கழற்றிவிட்ட செருப்பு ஒருநாள் காணாமல் போனபோது எந்த நிலையில் நின்றார் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இவர்களில் யாருக்கும் உணர்ச்சி மேல் வெறுப்பு கிடையாது, அதுதான் எரிச்சல். கும்பாபிஷேகத்தன்று கருடன் வட்டமிட்டால் புல்லரிக்கலாம். உடுக்கைச் சத்தம் கேட்டு அருள் வந்து ஆடலாம். பஜனையில் கண்ணீர் விட்டால் "என்ன பக்தி, என்ன பக்தி" என்று செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார்கள். தொல்காப்பியம் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளில் உவகைக்கும் மருட்கைக்கும் மட்டும் சன்னிதியில் இடம். அழுகை வந்தால், இனிப்பான அழுகையாக இருக்க வேண்டும். வெகுளியோடு வருகிறவர்கள் செருப்போடு அதையும் வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். தொல்காப்பியர் கவிதைக்குச் சொன்ன கணக்கைக் கோயிலுக்கு இழுக்கிறேன், தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்க.

இந்தச் சட்டத்தை யார் போட்டது என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. நம்முடைய ஊரில் சாமியோடு சண்டை போட்டவர்களைத்தான் நாயன்மாராகவும் ஆழ்வாராகவும் செதுக்கி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன கதைதான், நான் ஒன்றும் புதிதாகக் கட்டவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொள்வதற்காக, பிரியமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியமும் செய்ய வேண்டும், திருவாரூருக்கும் போக வேண்டும். அதனால், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ உள்ளே இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே ஏற்பாடு செய்கிறார். சிவன் சரி என்று தலையாட்டிவிட்டு, சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சங்கிலியாருக்கும் சொல்லிவிடுகிறார். பிறகு சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது.

தப்பு சுந்தரர் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் தப்பு செய்தவர் வாயை மூடிக்கொண்டா இருந்தார்? வழி தெரியாமல் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து, இருக்கிறேன், நீ போய்வா என்கிற மாதிரி ஒரு பதிலும் ஊன்றுகோல் ஒன்றும் கிடைக்கின்றன. கண்ணைக் கேட்டவனுக்குக் கம்பு! அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்தோடு நீருக்குள் போய்விட்டது. 1944-ல் கட்டி முடித்த அதே நீர்த்தேக்கம்தான், சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். கோயிலைப் பூண்டியில் திரும்பக் கட்டினார்கள். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். கோபத்தில் சுந்தரர் அந்த ஊன்றுகோலை விட்டெறிந்தார், அது நந்தியின் கொம்பில் பட்டது என்று சொல்கிறார்கள். அந்த நந்தியை யாரும் பின்னம் என்று தூக்கிப் போடவில்லை. கம்பை வீசியவரையும் கோயிலை விட்டுத் தள்ளி வைக்கவில்லை.

காஞ்சியில் ஒரு கண் வந்தது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூருக்கு வந்து பாடிய பதிகத்தில் இருக்கிறது உச்சம். உனக்கு மட்டுமே அடிமை என்று கிடப்பவர்கள் தங்கள் குறையைச் சொல்லியும் நீ பாராமல் இருந்தால், சரி, நீயாவது நன்றாக வாழ்ந்துவிட்டுப் போ என்கிற தொனி பாட்டுக்குப் பாட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் அது ஒன்றுதான். இன்றைக்குக் கண் நோய் தீர அதை ஓதச் சொல்கிறார்கள். எனக்குச் சத்சங்கத்து அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருப்பது இங்கேதான். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பதிகத்தை அவரே ஓதினார். எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசலில் நின்று அக்கா சொல்வதும் அதே தொனிதான். சுந்தரர் பாடினால் பாராயணம், அக்கா சொன்னால் அபசாரமா?

இந்த வழக்கம் சிவன் கோயிலோடு நிற்கவில்லை. இன்றைக்கு மயிலாடுதுறையில் சேர்ந்துவிட்ட திருஇந்தளூரில், வந்த நேரத்தில் கதவு சாத்தியிருந்தது என்பதற்காகத் திருமங்கையாழ்வார் பெருமாளைப் போட்டு வாங்கியிருக்கிறார். மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டு. அது முழுக்க, விட்டுவிடாதே என்கிற பயம். அந்தப் பயம் முற்றி ஓர் இடத்தில் மிரட்டலாகவே ஆகிவிடுகிறது: விட்டாயென்றால் உன் பைத்தியக்காரத்தனத்தையெல்லாம் ஊரறியச் சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்கிறார். திருவாசகத்தைத் தேன் என்று சொல்லிச் சொல்லியே அதிலுள்ள காரத்தை மறந்துவிட்டோம்.

படித்தவர்கள் பாட்டை விடுங்கள். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆனைமலை மாசாணியம்மனைத் தெரியாமல் இருக்காது. படுத்த கோலத்தில் இருக்கும் அம்மன். வயிறெரிந்து வருகிறவர்கள் அங்கே அம்மியில் மிளகாயை அரைக்கிறார்கள். அரைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டு, எனக்கு நியாயம் சொல் என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்த அம்மி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் நரம்பு நரம்பாக ஒட்டியிருக்கும் கை, குழவியை இழுக்கிற வேகத்தில் வளையல் முழங்கை வரை ஏறியிருக்கும். மிளகாய் நெடியில் வருகிற கண்ணீர் எது, வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணீர் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுகிறார்கள். ஆத்திரத்தோடு வருகிறவளுக்கு அம்மியும் குழவியும் எடுத்து வைத்துக் காத்திருக்கிற கோயில்கள் இவை. அம்மன் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவர். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அவருக்கும் இதே கதைதானாம். துதித்துக்கொண்டே இருங்கள், முறுமுறுக்காதீர்கள் என்று ஆளாளுக்கு. அவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோபு கதையைச் சொன்னார். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதோட எந்திரிச்சுப் போயிருந்தா அவங்க நல்லவங்க சார்" என்றார். போகவில்லை. வாயைத் திறந்து புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள்: கடவுள் நியாயம் தவறமாட்டார், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய். யோபுவோ பிறந்த நாளையே சபித்து, கடவுளை நேருக்கு நேர் வழக்குக்குக் கூப்பிடுகிறார். கடைசியில் கடவுளே வந்து பேசுகிறார். யோபுவுக்கும் நல்ல டோஸ் விழுகிறது. ஆனால் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர் கோபித்துக்கொள்வது அந்தச் சிநேகிதர்கள் மேல்தான். தமக்காக வக்காலத்து வாங்கியவர்கள் மேல்! இதை நான் எங்கள் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க சாமி" என்று முடித்துவிட்டார்.

கோபத்தில் பேசுவதெல்லாம் பக்தி என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்ததற்குப் பிள்ளையாரிடம் கோபித்துக்கொள்கிற பையன் நாலு நாளில் மறந்துவிடுவான். மேடையில் மைக் பிடித்து அழுகிறவர்களின் அழுகையை நான் நம்புவதும் இல்லை. ஆனால் உள்ளபடியே வருகிற கோபம் எங்கேயோ ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. பாதியில் அடைத்துவிட்டால் அந்த இடம் கடைசிவரை தெரியாது. அக்கா விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவள் பேச்சு முழுக்கக் கணக்காக இருந்தது. எத்தனை சஷ்டி, எத்தனை பால்குடம், எத்தனை தடவை படியேறினேன், இதுக்குத்தானா? கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சங்கடமாக இருந்தது. கடையில் கொடுத்த பணத்துக்குச் சாமான் வரவில்லை என்று சண்டை போடுவதைப் போல. உறவுக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "காப்பாத்தலைன்னுகூட நான் கேக்கல. எல்லாருக்கும் ஒருநாள் இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஐசியூ வாசல்ல அந்த இரும்புச் சேர்ல நான் ஒருத்தியா உக்காந்திருந்தனே, அப்ப எங்கடா போயிருந்தான் அவன்? என்ற பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமல்ல?"

இத்தனை வருஷ விரதத்தில் அவள் அவனிடம் கேட்டது எது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததோ என்னவோ. புருஷனின் ஆயுள், பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவள், துணைக்கு ஆள் வரவில்லை என்று அழுகிறாள். மாமா சொன்னபடி முதல் வாரமே வாயைப் பொத்திக்கொண்டு விளக்கை ஏற்றியிருந்தால், அந்தப் பட்டியலோடேயே அடுத்த சஷ்டிக்கும் விரதம் இருந்திருப்பாள். விளக்கு பளபளவென்று எரிந்திருக்கும். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுத் திருப்தியாகப் போயிருப்பார்கள்.

அப்புறம், சாமி கும்பிடுவதை விட்டுவிட்டவர்கள் யாரும் இப்படி வாசலில் வந்து நிற்பதில்லை. எங்கள் சித்தப்பா ஒருவர் விட்டுவிட்டார். அவருக்குச் சண்டையும் இல்லை சச்சரவும் இல்லை. கோயிலைக் கடக்கும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவனிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிற அக்காவுக்குத்தான் பக்தி போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு.

கோயிலுக்காவது போய் அழுதுவிட்டு வரலாம் என்றால் அதற்கும் தோது இல்லை. வரிசை, தடுப்புக் கம்பி, சிறப்புத் தரிசனச் சீட்டு. எல்லாம் தாண்டிச் சன்னிதி முன்னால் போய் நின்றதும், கண் மூடித் திறப்பதற்குள் "நகருங்க, நகருங்க". ஒரு குறையை முழு வாக்கியமாகச் சொல்ல அங்கே நேரம் இல்லை. சுந்தரர் இன்றைக்கு வந்திருந்தால் முதல் பாட்டின் முதல் அடியிலேயே செக்யூரிட்டி தோளைப் பிடித்துத் தள்ளியிருப்பார். அழுகிறவர்களுக்கென்று ஓரமாக ஒரு திண்ணை போட்டு வைத்தால் எந்த ஆகமம் கெட்டுவிடும்? உண்டியலுக்கு இடம் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு பெரியப்பா வருகிறாராம். ஜோசியரிடம் கேட்டு ஏதோ பரிகாரம் எழுதி வாங்கி வைத்திருக்கிறார் என்று போனில் சேதி வந்தது. அக்காவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "அவரு மருதமலை வழியாத்தானே வருவாரு? வரும்போது மேல இருக்கறவனையும் கையோட கூட்டீட்டு வரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே காபி போட்டுடறேன்" என்றாள்.