கண்ணாடிக் குப்பியில் செத்தால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். நான் முப்பத்தொரு வருடம் காசநோய்க் கிருமி வளர்த்துச் சம்பளம் வாங்கியவன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சளி, இருமல் என்றால்கூட என்னிடம்தான் கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

"அங்கிள், எங்க ப்ராஜெக்ட்ல ஒரு மாலிக்யூல் டிபி என்சைம்ல அப்படியே பொருந்துது. மைனஸ் 9.6 ஸ்கோர். இப்ப இருக்கிற மருந்தைவிட நல்லா வந்திருக்கு. பேப்பர்ல போடலாம்னு சார் சொல்றார்."

"சந்தோஷம்மா. அது அந்தச் செவுத்தைத் தாண்டி உள்ளே போகுமா?"

"எந்தச் செவுரு?"

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கம்ப்யூட்டரில் அவள் செய்தது நல்ல வேலைதான். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது 'காசநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் பொருந்தியிருக்கும், அல்லது கண்ணாடிக் குப்பியில் கிருமியைக் கொன்றிருக்கும். அவ்வளவுதான். இதை மருந்து என்று சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

காசநோய்க் கிருமி ஒரு மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும் ஜந்து. அதன் சுவரில் இருக்கும் நீளமான கொழுப்பு அமிலங்களைத் தாண்டி உள்ளே நுழைவது லேசில்லை. அவசரமும் அதற்குக் கிடையாது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். எங்கள் காலத்தில் லோவன்ஸ்டீன் ஜென்சன் ஊடகம் என்று முட்டையில் செய்வோம். முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உடைத்துக் கலக்கி, துணியில் வடிகட்டி, உப்புகளும் மாலகைட் பச்சையும் சேர்த்து, குப்பிகளில் ஊற்றிச் சாய்த்துவைத்துச் சூட்டில் கெட்டிப்படுத்துவோம். பச்சை நிற ஆடை மாதிரி இருக்கும். அதில் கிருமியைத் தடவிவிட்டுக் காத்திருந்தால் மூன்று வாரமோ ஆறு வாரமோ கழித்து ரொட்டித்தூள் மாதிரி வளரும். வேதியியல்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் புதுச் சேர்மத்தை ஊடகத்தில் வெவ்வேறு அளவில் கலந்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்போம். என் கையில் நானூறுக்கு மேல் வந்துபோயிருக்கும். ஒன்றுகூட மருந்துக் கடைக்குப் போகவில்லை.

அந்தக் குப்பியை நம்பித்தான் பிழைத்தேன். ஆனாலும் அது இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

பைரசினமைடை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று காசநோய்க்கு மருந்து சாப்பிடத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் முதல் இரண்டு மாதம் விழுங்குவது. ரிஃபாம்பிசினோடு இது சேர்ந்ததால்தான் சிகிச்சை ஆறு மாதத்துக்குக் குறைந்தது. இதைச் சாதாரண ஊடகத்தில் போட்டால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. புளிப்பான சூழலில்தான் வேலை செய்யும். 1952 வாக்கில் நேரே எலிக்குக் கொடுத்துப் பார்த்ததால் அது தப்பித்தது. எங்கள் மேஜைக்கு முதலில் வந்திருந்தால் 'பயனில்லை' என்று எழுதி நானே குப்பையில் போட்டிருப்பேன்.

மறுபக்கம், குப்பியில் பிரமாதமாக இருக்கும் மருந்து. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

என் அண்ணன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு வந்தது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய். தினம் ஒரு கனாமைசின் ஊசி போட்டார்கள், ஆறு மாதத்துக்கு மேல். நானே லேபில் கனாமைசினைச் சோதித்திருக்கிறேன். ஒரு தூள்கூட வளராது, குப்பி பச்சையாக அப்படியே பளபளக்கும். அண்ணனுக்குச் சளியில் கிருமி போனது. நான்காவது மாதமே காதில் இரைச்சல் என்றார். ஊசி முடிந்தபோது காதும் போய்விட்டது. ஸ்டாப்பில் இறங்குகிறவர் குரல் கேட்காத கண்டக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அன்று அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது? அண்ணி மட்டும் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க இந்த மருந்தையெல்லாம் டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புறீங்க?"

குப்பிக்குக் காது கிடையாது. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

பிறகு பெடாகுவிலின் வந்தது. ரிஃபாம்பிசினுக்குப் பின் நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து வந்த புது வகை. 1998இல் கிருமியின் மரபணு வரிசை முழுதாகக் கிடைத்ததும், ஒவ்வொரு என்சைமாகக் குறிவைத்து மருந்து வடிவமைத்துவிடலாம் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் நம்பின. பெரும்பாலும் கைகூடவில்லை. என்சைமைப் பிடிக்கும் சேர்மம் கிடைத்தது, அது கிருமியைக் கொல்லவில்லை. செவுத்து விவகாரம்தான்! பெல்ஜியத்தில் கோன் ஆண்ட்ரீஸ் குழுவினர் பழைய வழியில் போனார்கள். ஆபத்தில்லாத, வேகமாக வளரும் உறவுக்காரக் கிருமி ஒன்றின்மேல் சேர்மங்களைப் போட்டு, எது சாகடிக்கிறது என்று பார்த்தார்கள். அது எங்கே தாக்குகிறது என்பது பிறகுதான் தெரிந்தது: கிருமி சக்தி தயாரிக்கும் இடத்தில். 2005இல் கட்டுரை வந்தது, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. இந்த மாத்திரை வந்த பிறகுதான் 2018இல் உலக சுகாதார நிறுவனம் கனாமைசினைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியாவில் இதன் காப்புரிமையை நீட்டிக்கக் கம்பெனி கேட்டபோது எதிர்த்து மனுப் போட்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும். இருவரும் காசநோய்ச் சிகிச்சையில் காது இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. அந்தச் செய்தியை அண்ணனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

மருந்து கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி வேலை குப்பிக்குப் பிறகு நடப்பது. அதற்குக் கைதட்டலும் இல்லை, பணமும் போதவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மாக்சிஃப்ளாக்சசின் எலியில் அருமையாக வேலை செய்தது. ஆறு மாதத்தை நான்காக்கலாம் என்று இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் 1931 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சளியில் கிருமி சீக்கிரமே மறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு நிறையப் பேருக்கு நோய் திரும்பியது. 2014இல் முடிவு வெளியானது. தோல்விதான், ஆனால் அந்தத் தோல்வியை எழுதிவைத்தார்களே, அது பெரிது. எங்கள் லேபில் பயனில்லை என்று ஆன சேர்மங்களின் நோட்டுகள் கட்டடம் மாறியபோது பழைய பேப்பர்காரனுக்குப் போயின. எது ஏன் வேலை செய்யவில்லை என்று முப்பது வருடம் எழுதியது. கிலோ என்ன விலைக்குப் போனதோ.

அளவைக் கண்டுபிடிப்பதும் மருந்து கண்டுபிடிப்பதுதான். பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினசோலிட் என்ற மூன்றையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்குக் கொடுத்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறினார்கள். ஆனால் நூற்றுக்கு எண்பது பேருக்கு நரம்பு பாதித்து மரத்துப்போதல், எரிச்சல். அடுத்த சோதனையில் லினசோலிட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். தேறியவர்கள் குறையவில்லை, நரம்புக் கோளாறு நூற்றுக்கு இருபத்துநான்காக இறங்கியது. புது மாலிக்யூல் எதுவும் இல்லை. யார் காலைக் காப்பாற்றியது? அளவைக் குறைத்துப் பார்த்தவர்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் குழு 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப்பேருக்கு சானட்டோரியத்திலும் பாதிப்பேருக்கு வீட்டிலேயேயும் ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தது. சென்னையின் நெருக்கடியான வீடுகளில், சத்தான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். 1959இல் அது வெளிவந்த பிறகு உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் காலியாகத் தொடங்கின. அங்கேயும் புது மருந்து எதுவும் இல்லை. நோயாளி எங்கே வாழ்கிறானோ அங்கே வைத்துச் சோதித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது காபி ஆறிவிட்டது. அந்தப் பெண் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பிறகு, "அப்போ இதை உண்மையான கிருமில டெஸ்ட் பண்ண யாரைக் கேக்கணும் அங்கிள்?" என்றாள். என்னோடு வேலை செய்த ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன். முட்டை வாங்கிக்கொண்டு போகணுமா என்று கேட்டாள். இப்போதெல்லாம் திரவ ஊடகம், மிஷினே பார்த்துச் சொல்லிவிடுமாம்.