பிள்ளையைக் கண்டு அஞ்சிய தாய்

சென்ற மாதத்தில் ஒரு நாள், மஃரிபுத் தொழுகை முடிந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மருதமுனையிலிருந்து ஒரு தாய் வந்தார். முன்னொரு காலத்தில் என் வகுப்பில் இருந்தவர். முக்காட்டைச் சரிசெய்தவாறு, சொல்ல வந்ததைச் சொல்லமாட்டாமல் நெடுநேரம் நின்றார். பின்னர், “சேர், பிறக்கக்குள்ளேயே நெஞ்சில ஈரமில்லாமப் புள்ளையள் பிறக்குமா?” என்று கேட்டார்.

விடயம் இதுதான். அவருடைய மூத்த மகனுக்கு வயது ஒன்பது. அடுத்த வீட்டுக் கோழியைச் செங்கற் துண்டால் எறிந்து கொன்றுவிட்டான். “ஏன்டா செஞ்சாய்?” என்று கேட்டதற்கு “சும்மா” என்றானாம். அடித்தார்கள், அழவில்லை. அதே வாரத்தில் உறவுப் பையன் ஒருவன் தன் கைத்தொலைபேசியிற் காட்டிய ஆங்கிலப் படமொன்றை இந்தத் தாயும் எட்டிப் பார்த்துவிட்டார். அதில் ஒரு சிறுவன் நாயைக் கொல்கிறான். தங்கையைப் பனிக்கட்டி மெலிந்த குளத்துட் தள்ளுகிறான். கைக்குழந்தையாகிய தம்பியைக் குளியற் தொட்டியில் அமிழ்த்திக் கொன்றவனும் அவனே. அன்றிரவு முதல், தன் எட்டு மாதக் குழந்தையின் தொட்டிலைத் தன் அறைக்குள் மாற்றிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டுத்தான் இவர் துயில்கிறார். வாப்பா கத்தாரில், இரண்டாண்டுகளாக ஊர் வரவில்லை. மூத்தவன் வெளியே மூத்தம்மாவின் பாயில் படுத்துக்கொள்கிறான்.

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பார்த்தேன். அதனோடு வேறு சிலவற்றையும் பார்த்தேன். இந்த வாரம் இப்பத்தியில் அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், நேயர்களே.

அவர் பார்த்தது 1993இல் வெளிவந்த ‘தி குட் சன்’. மூன்றாண்டுகளுக்கு முன் ‘ஹோம் அலோன்’ படத்தில் உலகத்தையே சிரிக்க வைத்த மக்காலே கல்கின் என்ற சிறுவனைத்தான் இதிற் கொலைகாரனாக்கினார்கள். கதையை எழுதியவர் இயன் மக்கியுவன் என்ற புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர். ஆயினும் இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூலம் அதுவன்று. வில்லியம் மார்ச் என்ற அமெரிக்கர் 1954இல் ‘தி பேட் சீட்’ என்றொரு நாவலை வெளியிட்டார். கெட்ட விதை என்று தமிழிற் சொல்லலாம். நூல் வெளிவந்து ஒரு மாதமளவில் அவர் காலமானார். அது அடைந்த புகழைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டு முடிவதற்குள் மக்ஸ்வெல் அண்டர்சன் அதனை நாடகமாக்கி நியூயோர்க் மேடையில் ஏற்றினார். 1956இல் மேர்வின் லெரோய் அதைத் திரைப்படமாக்கினார்.

எட்டு வயதுச் சிறுமி ரோடா. இரட்டைப் பின்னல், இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டை, பெரியோரைக் கண்டால் முழங்கால் மடித்து வணக்கம். கையெழுத்துப் போட்டியில் தனக்குக் கிடைக்காத பதக்கத்துக்காக உடன் படிக்கும் சிறுவனை நீரில் மூழ்கடிக்கிறாள். வீட்டுக்கு வந்து சிற்றுண்டி கேட்கிறாள். தாய் கிறிஸ்டீன் மெல்ல மெல்ல உண்மையை அறிகிறாள். அத்தோடு, தான் ஒரு பேர்போன கொலைகாரியின் வயிற்றிற் பிறந்து வேறோர் இல்லத்தில் வளர்ந்தவள் என்பதையும் அறிகிறாள். ஆக, நஞ்சு தன் இரத்தத்தின் வழியாகத்தான் மகளுக்குப் போயிற்று என்று முடிவு கட்டுகிறாள். நாவலிலும் நாடகத்திலும் அவள் மகளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். தாய் இறக்கிறாள்; பிள்ளை பிழைத்துவிடுகிறது!

திரைப்படத்தில் அந்த முடிவை வைக்க முடியவில்லை. குற்றம் செய்தவர் தண்டனை பெற்றே ஆகவேண்டும் என்பது அக்கால ஹொலிவூட்டின் தணிக்கை விதி. ஆகவே தாயைப் பிழைக்க வைத்து, பதக்கத்தைத் தேடித் துறைமேடைக்குப் போன சிறுமியின் மேல் மின்னலை விழச் செய்தார்கள். அதுவும் போதாதென்று, படம் முடிந்தபின் நடிகர்களையெல்லாம் வரிசையாக வரவழைத்து, தாயாக நடித்த நான்சி கெலி அந்தச் சிறுமியை மடியிற் கிடத்திப் பின்புறத்தில் அடிப்பதுபோலவும் காட்டினார்கள். வானத்து மின்னலுக்கும் தணிக்கைச் சபையின் விதிகள் தெரிந்திருந்தன போலும்! எனினும் சிறுமி மக்கோர்மக்கின் நடிப்பு அசாத்தியமானது; ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் பிரேரிக்கப்பட்டதில் வியப்பில்லை.

இனி நம் தமிழ்ப் படங்களுக்கு வருவோம். ‘களத்தூர் கண்ணம்மா’விலும் (1960) ‘குழந்தையும் தெய்வமும்’ படத்திலும் (1965) பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைப்பது பிள்ளைதான். பிள்ளையைத் தெய்வத்தோடு ஒரே தலைப்பில் வைத்த திரையுலகம், பிறவியிலேயே இரக்கமற்ற பிள்ளையைக் கற்பனை செய்யத் தயங்கியதில் ஆச்சரியம் என்ன? கொடியவனைக் காட்டும்போதும் அவனுடைய இளமைக்குள் ஒரு காயத்தைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் காட்டும். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) அப்படித்தான்: பெண்களைக் கொல்லும் அந்த இளைஞனை அவ்வாறு ஆக்கியவர் அவனை எடுத்து வளர்த்த மனிதர்.

இரண்டாண்டுகள் கழித்து வந்த ‘மூடுபனி’யைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதனை இயக்கிய பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர். நம் கல்முனையிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீற்றர் தூரம். பிற்காலத்தில் ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்று வந்த ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைக் கித்துள்கலையிற் சிறுவனாகப் பார்த்ததே தம்மைத் திரைத்துறைக்கு இழுத்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவிய ‘மூடுபனி’யில், பிரதாப் போத்தன் நடித்த சந்துரு விலைமாதர்களைத் தேடிக் கொல்கிறான். காரணம், விலைமாதர்பாற் சென்ற தந்தை தன் தாயை வதைத்ததைக் கண்டு வளர்ந்தவன் அவன். எண்பதுகளில் டெக் வாடகைக்கெடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறையினருக்கு அந்தப் பனிமூட்டம் நினைவிருக்கும். கொலைஞன் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே அவன் அறையின் மூலையில் ஒரு சிறுவன் ஒடுங்கி நிற்பதுபோன்ற உணர்வு வந்துவிடுகிறது.

காயத்தைக் காட்டுவது மேலா, விதையைக் காட்டுவது மேலா? நான் நீண்ட நாள் முன்னதே மேல் என்று எண்ணியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. விதை என்றால் பெற்றோர் மேற் குற்றமில்லை. பிள்ளைக்கு மீட்சியும் இல்லை. காயம் என்றால் பிள்ளைக்கு மீட்சி உண்டு. ஆனால் காயப்படுத்தியது யார் என்ற கேள்வி எழும், ஊரார் விரல் தாயை நோக்கித்தான் நீளும். 2011இல் வந்த ‘வீ நீட் டு டோக் அபவுட் கெவின்’ என்ற படம் இந்தக் கேள்வியைக் கடைசிவரை அவிழ்க்காமலே விட்டுவிடுகிறது. பாடசாலையிற் கொலை புரிந்த மகனைச் சிறையிற் காணச் செல்லும் தாய், ஏன் செய்தாய் என்று கேட்கிறாள். முன்பு தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன், இப்போது நிச்சயமில்லை என்கிறான் அவன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இப்படங்களிலெல்லாம் தீர்ப்பு வழங்குபவர் பெற்றவரே. கிறிஸ்டீன் மாத்திரை கொடுக்கிறாள். ‘தி குட் சன்’ தாய், செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு கையில் மகனையும் மறு கையில் உறவுப் பையனையும் பிடித்திருந்து, மகனின் கையை விட்டுவிடுகிறாள். ‘மதர் இந்தியா’வில் (1957) நர்கிஸ் மகனைச் சுடுகிறார். ‘தங்கப்பதக்கம்’ படத்தில் (1974) சிவாஜி கணேசன் மகனைச் சுடுகிறார். பாலாவின் ‘நந்தா’வில் (2001), சிறு வயதில் தந்தையைக் கொன்ற மகனுக்குத் தாயே சோற்றில் நஞ்சைக் கலந்து ஊட்டுகிறாள். மருதமுனைத் தாயின் தாழ்ப்பாளும் இந்த வரிசையில் ஒரு சிறு தீர்ப்பே அன்றோ?

இதை ஒரு மௌலவி நண்பரிடம் சொன்னபோது, வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் ஓதப்படும் ஸூரத்துல் கஹ்ஃபை அவர் நினைவூட்டினார். அதில் ஹிழ்று (அலை) அவர்கள் ஒரு சிறுவனைக் கொல்கிறார்கள். அவன் நம்பிக்கையாளர்களான தன் பெற்றோரை வழிகேட்டிற்கு உள்ளாக்குவான் என்பது காரணமாகக் கூறப்படுகிறது. “அப்படியானால் கெட்ட விதை உண்டென்றுதானே பொருள்?” என்றேன். நண்பர் சிரித்தார். அந்த அறிவு அல்லாஹ் அவர்களுக்கு மட்டும் தனியே அளித்தது. உடனிருந்த மூஸா (அலை) அவர்களாலேயே பொறுக்க முடியாமற் போயிற்று. நமக்குத் தரப்பட்டதோ, ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்ற நபிமொழி என்றார்.

மருத்துவ நூல்கள் சொல்வது இதற்கு வெகு தூரமில்லை. விதை என்பதை விஞ்ஞானம் அடியோடு மறுக்கவில்லை. 2005இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, ஏழு வயது இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இரக்கமும் குற்றவுணர்வும் குன்றிய கல்மனப் பண்பு மிகுந்திருப்பதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு என்று கண்டது. ஆனால் 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது பிறந்தவுடன் வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 561 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. பெற்ற தாயிடமிருந்து அப்பண்பு இறங்கக்கூடிய நிலையில் இருந்த குழந்தைகளிடத்தும், வளர்த்த தாய் நற்செயலைக் கண்டு பாராட்டி அன்பு காட்டுபவளாக இருந்த இடத்தில் அந்த ஆபத்து வெளிப்படவில்லை. கிறிஸ்டீன் இதைப் படித்திருந்தால் மாத்திரைப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பாள்.

அன்றியும், அமெரிக்க உளமருத்துவர்களின் கைந்நூல், பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவருக்கும் சமூக விரோத ஆளுமை என்ற முத்திரையைக் குத்த அனுமதிப்பதில்லை. பிள்ளையிடம் இரக்கமின்மை இருக்கிறதென்று குறிப்பதற்குக்கூட, அது பன்னிரண்டு மாதங்களாவது நீடித்து, வீடு, பாடசாலை என்று பல இடங்களிலும் காணப்பட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பு விதிக்கிறது. ஒரு கோழி போதாது. நம் நாட்டுச் சட்டமும் இப்போது பொறுமை கற்றிருக்கிறது: எட்டாக இருந்த குற்றப் பொறுப்பு வயது 2018இல் பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. ரோடாவின் வயதுதான் அந்தப் பழைய எல்லை!

அழாத பிள்ளையைப் பற்றி நான் நூல்களிலிருந்து மட்டும் பேசவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் நம் கரையை விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; இலங்கையிலேயே மிகப் பெரிய இழப்பு நம்முடையதுதான். அதன்பின் பாடசாலையொன்றில் இயங்கிய முகாமில் நானும் சில வாரங்கள் உதவிக்கு நின்றேன். அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவன். உம்மாவும் இரு ராத்தாமாரும் மவுத்து. ஜனாஸாக்களை அடக்கியபோது அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் கூறினர். மற்றப் பிள்ளைகளின் சோற்றில் மண்ணள்ளிப் போடுவான். பூனைக்குட்டியின் வாலைப் பிடித்துச் சுழற்றுவான். யாரும் விழுந்தாற் சிரிப்பான். ‘கல்நெஞ்சன்’ என்று முகாமே அவனுக்குப் பெயர் வைத்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவனை விட்டு ஒதுங்கியே நடந்தேன். ஆறு மாதங்களின்பின், கடலிரைச்சல் சற்று உரத்துக் கேட்ட ஓர் இரவில், அவன் விடியும்வரை வீரிட்டு அழுதானாம். அதற்குப்பின் பல நாட்கள் அழுதான். இன்று அவன் இரு பிள்ளைகளுக்கு வாப்பா; என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்திச் ஸலாம் சொல்வான். அந்த ஸலாமை வாங்கும்போதெல்லாம் எனக்குச் சற்று நாணமாக இருக்கும்.

மருதமுனைத் தாய் மறுபடி வந்தபோது இவற்றிற் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன். கோழியைக் கொன்றது சிறிய காரியம் என்று சொல்லவில்லை. உயிரைக் கொன்றவனை நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடித்து அழவைத்துப் பார்ப்பது சோதனையாகாது, மீண்டும் இப்படி ஏதும் கண்டால் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள் என்றேன். வாப்பா போன் எடுக்கும்போது யாரோடு பேசுவார் என்றும் கேட்டேன். கைக்குழந்தையைக் காட்டச் சொல்வாராம், மூத்தவனிடம் “படிக்கிறியா?” என்று ஒரு கேள்வி, அவ்வளவே.

அதன்பின் ஒரு முறை தொலைபேசியிற் பேசினார். தகப்பன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் மூத்தவனை மட்டும் அழைத்துக் கால் மணி நேரம் பேசுகிறாராம். கோழிக்குரிய பணத்தை அவன் தன் உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். தொட்டில் இன்னும் உம்மாவின் அறையிலேதான் இருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும் இடுவதில்லை என்றார்.