கதவு வைத்த குளியல் தொட்டி



சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் அம்மா எழுபதைத் தாண்டியவர். 2009இல் ஷெல் பட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். இத்தனை காலமும் செயற்கைக் காலோடு சமாளித்தவருக்கு இப்போது மற்ற முழங்காலும் வாதத்தால் மடங்குவதில்லை. மகள்தான் குளிக்க வார்க்கிறார். இரண்டு முறை அம்மா வழுக்கப்போய், தாங்கிப் பிடித்த மகளுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது.

கனடாவில் இருக்கும் மகன் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பக்கத்தில் கதவு வைத்த குளியல் தொட்டி. விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கத் தேவையில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் ஆசனத்தில் இருக்கலாம்.

"தம்பி காசு அனுப்புறன் எண்டுறான். வாங்கலாமோ மிஸ்?" என்று மகள் கேட்டார்.

அந்தத் தொட்டியில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருந்து கதவைப் பூட்டிய பிறகுதான் தண்ணீரை நிரப்பலாம். குளித்து முடிந்தாலும் தண்ணீர் முழுவதும் வடியும்வரை கதவைத் திறக்க முடியாது. நிரம்பும் வரையும் வடியும் வரையும் வெறும் உடம்போடு காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 150, 200 லீற்றர் வரை பிடிக்கும். வாளியில் வார்த்தால் அதில் கால்வாசி கூடத் தேவையில்லை. மொட்டைமாடித் தாங்கியை எல்லா வீடும் பங்குபோடும் இடத்தில் இது பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் வழி. 200 லீற்றர் என்றால் 200 கிலோ, அதோடு ஆளும் தொட்டியும். பழைய தளம் அதைத் தாங்குமா என்று பொறியியலாளரைக் கேட்காமல் வைக்கக்கூடாது. குழாயில் எப்போதும் சுடுதண்ணீர் வரும் குளிர்நாட்டில் அது நல்ல சாமான்தான். மகனின் அன்பிலும் குறை இல்லை.

ஆனால் அதுவரை ஒருவரும் அம்மாவைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"எனக்குத் தொட்டி வேண்டாம் பிள்ளை. கதவைச் சாத்திப்போட்டுத் தனியக் குளிக்கவேணும். அவ்வளவுதான்."

முகாமில் குறுக்குக்கட்டோடு பலர் முன்னிலையில், பிறகு ஆஸ்பத்திரியில் தாதிமார் முன்னிலையில், பிறகு மகளின் கையால். கால் போன நாள் தொடக்கம் அவர் ஒருநாளும் தனியே குளித்ததில்லை. மகளும் அன்றுதான் அதைக் கேட்டார் போலும், எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அளவுநாடாவோடு குளியலறையைப் பார்த்தோம். வாசலில் மூன்று அங்குலக் கட்டு. கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே விழுந்தால் விழுந்தவரே கதவை மறித்துக்கொள்வார். அம்மா பிடித்து எழும்புவது துவாய் போடும் கம்பியில். அது துவாயைத் தாங்கவே செய்தது, ஆளை அல்ல. சாதாரணப் பிளாஸ்ரிக் கதிரையும் ஈரத்தில் கால் விரிந்து வழுக்கும். கால் நுனியில் றப்பர் போட்ட, உறுதியான குளியல் கதிரை வேண்டும். உயரம் பதினெட்டு அங்குலமளவில் இருந்தால் மடங்காத முழங்காலுக்கு எழும்புவது சுகம். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளைத்து இறுக்கவேண்டும். கண்ணாடியில் ஒட்டுவதுபோல் ஒட்டும் பிடிகளை நம்பாதீர்கள். இருந்தபடியே பிடித்து வார்க்க நீண்ட குழாயுள்ள கை ஷவர். இவ்வளவும்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் டைலில் துளை போடவே விடமாட்டேன் என்றார். வீட்டை விடும்போது திருத்தித் தருவதாக மகள் எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு கம்பிக்குச் சம்மதித்தார். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றவும் விட்டார்.

செயற்கைக் கால் போடுகிறவர்களுக்கு ஒன்று. குளிப்பை இரவுக்கு வையுங்கள். ஈரத்தில் தோல் ஊறி, எஞ்சிய கால் சற்று வீங்கும். காலையில் குளித்த கையோடு மாட்டினால் உரசிப் புண்ணாகும்.

கொட்டாஞ்சேனையில் நான் பார்க்கும் இன்னொரு சகோதரியின் நிலை வேறு. முள்ளந்தண்டில் காயப்பட்டவர், சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒழுங்கைக்குள் ஒரு அறை, நாலு குடும்பத்துக்கு ஒரு குளியலறை. அதன் கதவு இருபத்துநாலு அங்குலம். நாற்காலி அதைவிட அகலம். பதினான்கு வயது மகன்தான் தூக்கிக்கொண்டு போவான். மகன் வளர வளர இவர் குளிப்பதைக் குறைத்தார், தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார். சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். ஒட்டுவேலை செய்கிற ஒருவர் இரும்புக் குழாயில், நடுவே துளையும் கீழே சிறு சில்லுகளும் வைத்து ஒடுக்கமான கதிரை ஒன்று செய்து தந்தார். அது கதவுக்குள் போகிறது. இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாதவர்கள் சுடுதண்ணீரைக் காலில் ஊற்றிப் பார்க்கக்கூடாது, வெந்தாலும் தெரியாது. முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், பிறகு கையால் தொட்டுப் பார்ப்பது என்று அந்தப் பையனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். வலுவிழந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் ஒழுங்குவிதிகளும் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடி கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்களும் அவற்றின் மலசலகூடங்களும் எல்லோரும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பொதுக் கட்டடம்தான். வாடகை வீட்டுக் குளியலறைக்குள் அது எட்டாது. அங்கே சொந்தக்காரரோடு நாங்களேதான் கதைக்கவேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தை அம்மாவோடு கடைசியாக ஒரு வழக்கு மிஞ்சியது. அவருக்கு உள்தாழ்ப்பாள் போடவேண்டும். மகளுக்குப் பயம். ஈற்றில், அவசரத்துக்கு வெளியில் இருந்து சில்லறைக் காசால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றைப் பொருத்தினோம். போன கிழமை நான் போனபோது மகள் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"அம்மா, அரை மணித்தியாலம் ஆச்சு. முடிஞ்சுதோ?"

"தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுதானே? நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."