நடன மாதரும் அச்சுச் சித்திரமும்

அழகிய பொருளை அழகுறத் தீட்டுவதே சித்திரக்கலையின் கடன் என்பார் பலர். அவ்வழகு எவ்வாறு விளைந்ததென்பதை மறைக்கும் சித்திரம் குறையுடைத்து என்பது எமது துணிபு. பிரெஞ்சு தேசத்தார் பாலே நடன மாதரை அச்சிற் பொறித்த வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

1832-ஆம் ஆண்டில் பாரிஸ் ஆப்பெரா அரங்கில் ‘லா சில்பீட்’ என்னும் பாலே அரங்கேறியது. அதில் வான்கன்னியாக ஆடிய மாரி தாக்லியோனியின் உருவம் கல்லச்சுப் படங்களாகப் பெருகிப் பரவிற்று. வெண்டுகிலும் சிறு சிறகும் உடையவளாய், நிலத்திற் கால் தோயாதவளாய் அவள் அவற்றில் விளங்குகின்றாள். தந்தையே ஆசானாக நின்று அவளுக்கு அளித்த கடும்பயிற்சியின் சுவடு அப்படங்களில் உண்டோ? இல்லை.

சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எத்கார் தெகா (1834–1917) வேறு நெறி கண்டார். உலோகத் தகட்டில் அச்சுமையைப் பூசி, துணியாலும் விரலாலும் துடைத்து உருவெழுப்பி, தாளில் ஒற்றியெடுக்கும் ‘மானோடைப்’ முறையை அவர் மேற்கொண்டார். இம்முறையில் செவ்விய பிரதி ஒன்றே கிடைக்கும், அடுத்தது மங்கிவிடும். பிரதிகள் பலவற்றின்மேல் அவர் பாஸ்டெல் வண்ணமும் தீட்டினார்.

1876-ஆம் ஆண்டளவில் அவர் அவ்வாறு இயற்றிய ‘லெத்துவால்’ என்னும் படத்தில், ஒளிவெள்ளத்தினிடையே ஒருத்தி கைவிரித்து ஆடுகின்றாள். பின்னே, அரங்கத் தட்டியின் மறைவில் கறுப்பங்கி அணிந்த ஆடவன் ஒருவன் நிற்கின்றான். அவன் முகம் தோன்றவில்லை. அவன் அங்கு நிற்பானேன்? பருவச் சந்தா செலுத்திய செல்வர் உள்ளரங்கிற் புகுந்து நடன மாதரோடு அளவளாவும் உரிமை பெற்றிருந்த காலம் அது. அம்மாதருட் பலரோ ஏழைக் குடியிற் பிறந்தோர்.

இந்நிலையைக் கதைகளாக வரைந்தவர் தெகாவின் நண்பர் லுதோவிக் ஆலெவி. அக்கார்தினால் குடும்பக் கதைகளுக்கெனத் தெகா முப்பதுக்கு மேற்பட்ட மானோடைப் படங்களை ஆக்கினார். நூலாசிரியர் அவற்றைக் கொள்ளவில்லை. இருவரும் மறைந்த பின்னர், 1938-இலேதான் அவை அக்கதைகளோடு நூலாக வெளிவந்தன.

தெகா பெண்டிரை இரக்கமின்றி நோக்கினார் என்று குறை கூறுவாருளர். அது முற்றும் பொய்யென்று யாம் வாதியோம். ஆயினும், கல்லச்சுப் படம் வான்கன்னியைப் புகழ்ந்தது; தெகாவின் மைபடிந்த தாளோ மானிடப் பெண்ணையும் அவளைச் சூழ்ந்த இருளையும் ஒருங்கே காட்டிற்று. பொய்ப்புகழினும் மெய்க்காட்சியே ஒருவர்க்குச் செய்யும் மேலான மரியாதை அன்றோ? மேடையழகில் திளைக்கும் நாம் திரைக்குப் பின்னும் கண்ணோட்டுதல் கடனாம்.