செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கப்போவது யார்?

திருநாவலூரிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ புதிதாக வீடு கட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வாசக்கால் எந்தத் திசை, பூசையறை எந்த மூலை, போர் எங்கே போடுவது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். கழிவறைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டால், "பெரிய டேங்கா கட்டியாச்சு, இருபது வருஷத்துக்குக் கவலையில்ல" என்பார். இருபது வருடம் கழித்து அந்த மூடியைத் திறக்கப்போவது யார்? இந்தக் கேள்விக்கு யாரும் வாய்விட்டுப் பதில் சொல்வதில்லை. ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது. கசடு அடியில் தங்குகிறது. மேலே தெளிந்ததுபோலத் தெரியும் நீர் வெளியேறுகிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகள் சாகாமல் இருக்கின்றன. அதை மண்ணுக்குள் இறக்கி, மண்ணையே வடிகட்ட வைப்பதுதான் மீதிப் பாதி. அதற்கு உறிஞ்சுகுழி தோண்டலாம். இடம் இருந்தால் நீளமாக வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, அதன்மேல் துளைக்குழாய் பதித்து மண்ணால் மூடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதித்தொகுப்பில் இரண்டாம் பகுதி முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பு மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்று சோதிக்க வேண்டும். தொட்டியில் சேரும் கசடை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.

நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. தொட்டியிலிருந்து வரும் குழாயைத் தெருச் சாக்கடையில் திருப்பிவிடுகிறார்கள். அந்தச் சாக்கடையைத் தூர்வார மண்வெட்டியோடு இறங்குபவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர். தொட்டியின் அடியில் பத்து, பதினைந்து வருடம் கிடந்த கசடு இறுகிப்போகிறது. லாரி வந்து குழாய் போட்டால் நீர்தான் ஏறும். கெட்டியானது அடியிலேயே நிற்கும். அப்போதுதான் "ஆள் வேணும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், மீத்தேன் இருக்கும், உயிர்க்காற்று இருக்காது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். மறுநாள் செய்தியில் இதை விபத்து என்று எழுதுவார்கள். உறிஞ்சுகுழிக்கு இடம் விடாமல், லாரிக் குழாய் எட்டும்படி மூடி வைக்காமல், கசடு எடுக்கும் கெடு எதுவும் குறிக்காமல் வரைபடம் போட்ட அன்றைக்கே தீர்மானமான மரணம் எப்படி விபத்தாகும்?

"இது வறுமைப் பிரச்சினை, இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டக் கணக்கைப் பாருங்கள். 2024-இல் வெளிவந்த விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டில் ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். இந்தக் குழிக்குள் இறங்க மட்டும் எல்லாச் சாதி ஏழைகளையும் யாரும் கூப்பிடுவதில்லை. விஷவாயு சாதி பார்ப்பதில்லை என்பது உண்மைதான். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஆறு பேர் இறந்தபோது கட்டட உரிமையாளரும் அவருடைய மகன்களும் அதில் இருந்தார்கள். ஆனால் இறங்குவதற்கு யாருக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்வது விஷவாயு அல்ல, ஊர்.

இதற்குத் தொழில்நுட்பமும் காரணமில்லை. இரட்டை உறிஞ்சுகுழிக் கழிவறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு குழி நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். ஒன்றிரண்டு ஆண்டில் மூடிய குழியில் இருப்பது மக்கி நாற்றமில்லாத எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளியில் ஒன்றிய அரசின் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழியில் இறங்கி அள்ளிக் காட்டினார். ஒரு செயலாளர் இறங்கி அள்ளியது செய்தியாகிறது என்பதிலேயே நம் சமூகம் என்னவென்று தெரிகிறது. அதே 2017-இல் வெளியான டயேன் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் ஆகியோரின் ஆய்வு நூல், கிராமங்கள் சிறிய குழிகளை ஒதுக்குவதற்குத் தீட்டையும் தீண்டாமையையும் காரணமாகக் காட்டியது. பச்சைச் சாணத்தை வெறுங்கையால் அள்ளி வரட்டி தட்டும் வீட்டில், மக்கிப்போன எருவை அள்ள மட்டும் ஏன் கை கூசுகிறது? நிறையவே நிறையாத தொட்டி வேண்டும் என்ற ஆசை, அந்த வேலை ஒருநாளும் தன் கைக்கு வந்துவிடக் கூடாது என்ற ஆசைதான்.

நிலத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஊருக்குள் கொல்லைப்புறம் வைத்திருக்கும் வீடுகளுக்கு வாய்க்கால் வெட்ட இடம் இருக்கிறது, வெட்டுவதில்லை. காலனியில் அரசு கொடுத்த மனை பெரும்பாலும் 3 சென்ட். அதாவது சுமார் 121 சதுர மீட்டர். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர். அதற்குள் வீட்டையும் கட்டிவிட்டு, அடிகுழாயிலிருந்து 18 மீட்டர் தள்ளி உறிஞ்சுகுழியை எங்கே தோண்டுவது? அரசின் விதியைக் கடைப்பிடிக்க அரசு கொடுத்த மனையில் இடமில்லை. 1892-இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் கைமாறிப்போன கதையும் இந்தக் கழிவறைக் கதையும் வேறுவேறு அல்ல. நிலம் மறுக்கப்பட்டவருக்குத் தன் கழிவைத் தன் மண்ணில் கரைக்கும் வசதியும் மறுக்கப்படுகிறது. அவரையே அடுத்தவர் கழிவில் இறங்கவும் கூப்பிடுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, செப்டிக் டேங்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, தனிநபருக்கும் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும், 1993-க்குப் பிறகு இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலமாக ஒன்றிய அரசின் கணக்குகள் காட்டுவது பெரியார் பெயரைச் சொல்லும் தமிழ்நாட்டைத்தான். கூலி கொடுத்து இறக்கிய வீட்டுக்காரர் சிறைக்குப் போனதாக எத்தனை செய்திகளைப் படித்திருக்கிறீர்கள்?

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அடியார்களை வரிசைப்படுத்திப் பாடிய திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாருக்கும் தன்னை அடியேன் என்றவர் அவர். அந்த நந்தனைத்தான் தீயில் இறக்கிய பிறகு தில்லைக்குள் விட்டதாகப் புராணம் சொல்கிறது. பாட்டில் அடியேன் என்று சொல்லிக்கொள்வது எளிது. அவன் இறங்க வேண்டிய குழியே இல்லாமல் செய்வதுதான் கடினம்.

ஆகவே நம் கோரிக்கைகளும் மண்வெட்டி அளவுக்குத் திட்டவட்டமாக இருக்கட்டும். உறிஞ்சுகுழியோ வாய்க்காலோ காட்டாத வரைபடத்துக்கு ஊராட்சி அனுமதி தரக் கூடாது. அரசு வீடுகளுக்கு அதைக் கட்டி முடித்ததைப் பார்த்த பிறகே கடைசித் தவணை தர வேண்டும். மனையில் இடமில்லாத காலனிகளுக்குப் பொதுவான உறிஞ்சுநிலம் ஒதுக்க வேண்டும். அதுவும் இன்னொரு காலனியின் ஓரத்தில் அல்ல. கசடு எடுக்கும் கெடுவை வீட்டுவரி ரசீதிலேயே அச்சிட வேண்டும். ஆளை இறக்கிய வீட்டுக்காரர் மேல் 2013 சட்டப்படி வழக்குப் போட வேண்டும்.

இவை அரசுக்கு. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு மூடி இருக்கிறது. தோழர் என்று அழைப்பதற்கும் நீலக்கொடி பிடிப்பதற்கும் முன்னால், இந்த வாரம் அப்பாவிடம் கேளுங்கள்: நம் டேங்கிலிருந்து தண்ணீர் எங்கே போகிறது, கடைசியாக எப்போது எடுத்தோம், அன்றைக்கு உள்ளே இறங்கியது யார்?