சோதனை நிரலின் இன்றியமையாமை

“முதற் கோணல் முற்றுங் கோணல்” என்பது நம் நாட்டு முதுமொழி. மின்னணுக் கருவிகளைப் பழகும் மாணாக்கர்க்கு அம்முதற் கோணலைத் தவிர்க்கும் வழி சோதனை நிரல் எழுதுதலேயாம். ஆயினும் நம் மாணவருட் பலர் அதனைச் சிறுபிள்ளை விளையாட்டென எண்ணி, கண்காட்சிக்குரிய பெருங்கருவிகளை ஒரே பாய்ச்சலில் இயற்ற முற்படுகின்றனர். இப்போக்குத் தகாதென்பதே எமது துணிபு.

2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகையை அறிவியல் மாணவருள் அறியாதார் சிலரே. அதன் வகைகளுள் ஒன்றாகிய ஊனோ, உள்ளங்கையில் அடங்குவது. அதன் 13ஆம் முனையோடு சிறு விளக்கொன்று இணைந்துளது. அவ்விளக்கை ஒரு விநாடி எரியவும், ஒரு விநாடி அணையவும் செய்யும் சில வரி நிரலே யாவரும் முதலில் எழுதுவது.

ஈண்டுச் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். புதிய பலகைகள் பெரும்பாலும் அதே நிரலைத் தாங்கியே கடைக்கு வருகின்றன. ஆதலின் விளக்கு மின்னக் கண்டு மகிழும் மாணவன், தான் எழுதிய நிரல் இயங்குகின்றதா, தொழிற்சாலையில் இட்ட நிரல் இயங்குகின்றதா என்பதை அறியான். ஒரு விநாடியைக் கால் விநாடியாக மாற்றியெழுதி, விளக்கு விரைந்து மின்னக் கண்டால் மட்டுமே சோதனை முற்றுப்பெறும். தோற்பதற்கு இடமில்லாத சோதனை சோதனையன்று.

இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. போடிநாயக்கனூரை அடுத்து, ஏலமலைச் சரிவிலுள்ள குரங்கணியை எண்ணிப் பார்மின். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொழுக்குமலையினின்று இறங்கிவந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொள்ள, 20க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அத்தகைய சரிவில் வெப்பத்தை அளந்து செய்தியனுப்பும் கருவியொன்றை நிறுவ மாணவனொருவன் விழைதல் பாராட்டத்தக்கதே. வனக்காவலரின் கண்ணுக்கும் காலுக்கும் அஃது ஈடாகாதெனினும், அவர்க்குத் துணையாதல் கூடும்.

அவன் எல்.எம்.35 என்னும் வெப்ப உணரியைக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். அஃது ஒரு செல்சியசு பாகைக்கு 10 மில்லிவோல்ட் வீதம் தருவது. வெப்பம் 30 பாகையாயின் 300 மில்லிவோல்ட் கிடைக்கும். 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பகுக்கும் ஊனோ அதனை ஏறக்குறைய 61 எனக் காட்டும். உணரியை விரலாற் பற்றினால் எண் ஏறவேண்டும். இவ்வளவில் பலரும் மனநிறைவு கொள்வர். ஆனால் இணைப்புக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

கழற்றினும் பலகை வாளாவிராது. பற்றுக்கோடற்ற முனையினின்று ஏதேனும் ஓர் எண்ணைக் கூறிக்கொண்டேயிருக்கும். மலைச்சரிவில் எலி கம்பியைக் கடித்த பின்னும் வெப்பம் இயல்பாக உளதென்றே அக்கருவி அறிவிக்குமாயின், அதனை நம்பியிருப்போர் கதி யாதாகும்? பொய்யாக அபயமளிக்கும் கருவியினும் கருவியின்மையே நன்று. அம்முனையைப் பெருந்தடையொன்றின் வழியாகக் கிரவுண்டு முனையோடு சேர்த்துவைப்பின், கம்பி அறுந்தவுடன் எண் 0 ஆகும். 0 எனில் இணைப்பு அறுந்ததென்று உரைக்குமாறு நிரலில் இரண்டொரு வரிகள் சேர்த்தால் குறை நீங்கும்.

பருவத்தேர்வு நெருங்குங்கால் இதற்கெல்லாம் காலமேது என்பார் உளர். இச்சோதனைகள் கொள்வது சில நிமிடங்களே. இவற்றைப் புறக்கணித்தவன், எல்லாவற்றையும் ஒருங்கே இணைத்துவிட்டு, பிழை கம்பியிலா, உணரியிலா, நிரலிலா என்று நாட்கணக்கில் தேடுவான்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில், முடிந்த கருவிக்கு மட்டுமன்றி, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் மாணவன் எழுதிய சோதனை நிரல்களுக்கும், அவை தோற்ற விதத்தைக் குறித்த ஏட்டிற்கும் மதிப்பெண் வழங்குக. மாணவ நண்பர்காள்! கருவி செவ்வையாக இயங்குங்கால் யாது கூறும் என்பதோடு அமையாது, அது பழுதுறுங்கால் யாது கூறும் என்பதையும் கேட்டறிமின். பிறர் உயிருக்குக் காவலாகும் கருவியை அமைப்பதற்கு அப்பொழுதே தகுதி உடையீராவீர்.