விட்டுக்கொடுக்கும் இலாபம் யாருடையது?

காரைக்கால் முஸ்லிம்களுக்கு வணிகம் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோன் வரை கப்பலேறிச் சென்று வணிகம் செய்த ஊர் இது. இன்று வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு நம் பிள்ளைகள் ஊரில் கடை திறக்கிறார்கள். கடை சற்றே நிலைபெற்றதும், "அடுத்த கிளை எப்போது?" என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். பிடித்த தொழிலைத் தாமே முன்னின்று அளவோடு செய்து, இஷாவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து உண்பதில் நிறைவு காண்பவரை முன்னேறத் தெரியாதவர் என்று நாம் எடைபோட்டு விடுகிறோம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வை இங்கே எண்ணிப் பார்ப்போம். ஹிஜ்ரி 80இல் கூஃபாவில் பிறந்த அவர்கள் பட்டுத் துணி வணிகர். உள்ளம் கல்வியில் தோய்ந்தபோதும் அவர்கள் கடையை மூடிவிடவில்லை. கூட்டாளியின் துணையோடு நடத்தினார்கள். ஆசிரியர் ஹம்மாத் (ரஹ்) அவர்களின் அவையில் 18 ஆண்டுகள் பயின்றார்கள். அந்த நேரத்தையும் சந்தையிலேயே கழித்திருந்தால் செல்வம் இன்னும் பெருகியிருக்கக்கூடும். ஆயினும் தம் உள்ளம் விரும்பிய கல்விக்கே அதனை ஈந்தார்கள்.

அதே இமாம், பிறர் உரிமையில் எள்ளளவும் தளர்வு காட்டவில்லை. குறையுள்ள துணியொன்றை அக்குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளி ஹஃப்ஸிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரையும் அடையாளம் காண இயலவில்லை. கிடைத்த தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே: மனநிறைவுக்காக இலாபத்தை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் நம் பங்கை மட்டுமே. ஊழியரின் கூலி, கூட்டாளியின் பங்கு, கடன் தந்தவரின் தவணை, மனைவி மக்களின் வாழ்க்கைச் செலவு ஆகியவை நம் கையிலுள்ள அமானிதங்கள். "எனக்கு இதில்தான் இன்பம்" என்று கூறி அவற்றில் குறைவைப்பது பொறுப்பின்மையே. அதற்குப் போதுமென்ற மனம் எனப் பெயர் சூட்டலாகாது.

ஜுமுஆ அத்தியாயத்தின் 9ஆம் வசனம் தொழுகைக்காக வணிகத்தை விடச் சொல்கிறது. 10ஆம் வசனம் தொழுகை முடிந்ததும் அல்லாஹ்வின் அருளைத் தேடிப் புறப்படச் சொல்கிறது. விடுவதற்கும் தேடுவதற்கும் உரிய இடத்தை மார்க்கம் வகுத்தே தந்துள்ளது.

ஆகவே, நம் வீட்டில் ஒருவர் "எனக்கு இந்த ஒரு கடை போதும்" என்றால் இகழ வேண்டாம். குடும்பத்தோடு அமர்ந்து கணக்கேட்டைத் திறப்போம். பிறருக்குரியவை யாவும் குறைவின்றிச் சென்று சேருகின்றனவா என்று பார்ப்போம். சேருமாயின், எஞ்சியதைப் பெருக்குவதா, அந்த நேரத்தைத் தாம் விரும்பியதற்குத் தருவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக.